சிட்டிசன்ஷிப் பைல் எங்க நிக்குது? நம்ம மலைக்காரங்களுக்கு கேள்வி பதில்

நான் வக்கீல் இல்லப்பா, முன்னாடியே சொல்லிடுறேன். எங்கப்பா சிலோன் தோட்டத் தமிழர இங்க திருப்பி அனுப்புன சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பலேறி வந்து சேரம்பாடி டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன்ல குடியேறுனவரு, அவரு பேப்பருக்கு அலைஞ்சு அலைஞ்சு கத்துக்கிட்டதுதான் எல்லாம். கேளுங்க.

கூடலூர்: அண்ணே, ஒய்ஃப் சிலோன்ல ஹட்டன் பொண்ணு, கல்யாணமாகி எட்டு வருஷமா விசாவுல இங்கயேதான் இருக்கா. இந்திய குடியுரிமைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணி 14 மாசம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல.

தம்பி, ரூல்படி கலெக்டர் ஆபீஸ்ல 60 நாள், அப்புறம் சென்னையில மாநில அரசுகிட்ட 30 நாள், அதுக்கப்புறம்தான் டெல்லி. ஆனா பெரும்பாலும் போலீஸ் என்கொயரி ரிப்போர்ட் வராமதான் பைல் படுத்துக்கும், அதனால முதல்ல அது எங்க நிக்குதுன்னு கண்டுபிடி. ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த தேதில எந்த ஆபீஸுக்கு அனுப்புனீங்க, லெட்டர் நம்பர் என்னன்னு மட்டும் கேளு. "ஏன் லேட்"னு கேட்டுடாத, அதுக்கு பதிலே வராது. 30 நாள்ல பதில் வரும், அந்த நம்பரோட திங்கக்கிழமை ஊட்டிக்கு பஸ் ஏறி குறைதீர் மனு குடுத்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அதே தம்பி: அடுத்த மாசம் விசா முடியுது அண்ணே. அப்ளிகேஷன் பெண்டிங்ல இருந்தா விசா தேவையில்லன்னு புரோக்கர் சொல்றான்.

அவன் பேச்ச கேட்டா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துரும்! விசா முடிஞ்சும் தங்குனா சட்டத்துல அது கள்ளக்குடியேற்றம், அப்படிப்பட்டவங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன்ல, அதாவது உன் ஒய்ஃப் போட்ட வழியில, குடியுரிமையே கிடையாது. இன்னைக்கே இ-எஃப்ஆர்ஆர்ஓல (வெளிநாட்டுக்காரங்க விசா வேலைக்கான அரசு வெப்சைட்) எக்ஸ்டென்ஷன் போடு. சிலோன் பாஸ்போர்ட்டும் காலாவதியாக விடாத, சென்னை துணைத் தூதரகத்துல புதுப்பிச்சுக்கோ. அந்த நாட்டு குடியுரிமைய விடச்சொல்லி டெல்லில இருந்து அக்செப்டன்ஸ் லெட்டர் வரும், வந்தப்புறம் விட்டா போதும். முந்திக்கிட்டு விட்டா ரெண்டு நாட்டுக்கும் ஆகாம நிக்கணும்.

கோத்தகிரி: நான் 1984ல கோத்தகிரி ஜிஎச்ல பொறந்தவ. பாஸ்போர்ட்டுக்கு போட்டா, சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்களுக்கு குடுத்த அப்பாவோட ஃபேமிலி கார்டு கேக்குறாங்க, அது தொலைஞ்சு போச்சு அண்ணா.

தங்கச்சி, 1-7-1987க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்தவங்க பொறப்பாலயே இந்தியர், அப்பா பேப்பர் எதுக்கு? பர்த் சர்டிஃபிகேட் போதும். 1986ல மண்டபம் அகதி முகாம்ல பொறந்த பொண்ணுக்கே பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி மதுரை ஹைகோர்ட் 2022ல தீர்ப்பு சொல்லியிருக்கு, அந்த காப்பிய எடுத்துட்டு போ.

குன்னூர்: பையன் நியூஜெர்சில. அமெரிக்க சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 மனு போட்டு காத்திருக்கான், கிரீன் கார்டு மார்ச்ல முடியுது. அதுக்கப்புறம் தாத்தா திதிக்கு வரலாமா தம்பி?

வரலாம்க்கா. என்-400 ரசீதே கார்டுக்கு 24 மாசம் ஆயுசு குடுக்குது, ரெண்டையும் சேத்து கையில வச்சுக்கட்டும். ஆறு மாசத்துக்கு மேல மட்டும் தங்க வேணாம். அங்க சிட்டிசன் ஆன நிமிஷமே இங்க நம்ம குடியுரிமை போயிரும், இந்திய பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணனும், அதையும் இப்பவே காதுல போட்டு வைங்க.

கொடைக்கானல்: பழைய பேப்பர்லாம் பூஞ்சை புடிக்குது, லேமினேட் பண்ணிடலாமா?

ஐயோ வேணாம், ஒரிஜினல்ல சீல் போட வழியில்லாம போயிரும். பிளாஸ்டிக் கவர்ல போட்டு அடுப்பங்கரை அலமாரில வை, அங்கதான் சூடு இருக்கும்.