அப்பாவுக்கு வேறு வேலை கொடுங்கள்

கேள்வி: 1911-ல் நியூயார்க்கில் வாழும் ஓர் இத்தாலியக் குடும்பத்தைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறேன். குடியேற வருபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி இவர்களுடைய பெயரை மாற்றிவிடுகிறார். அப்பா பீட்சாக் கடை வைக்கிறார். மகள் சட்டைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். அம்மா வீட்டில் சும்மா இருக்கிறார். கதை நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்புங்கள். எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பது பலரும் நம்பும் கட்டுக்கதை. புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதிய பட்டியலை வைத்துத்தான் அங்கே ஆளைச் சரிபார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான லா கார்டியா, 1907 முதல் 1910 வரை அங்கே அந்த வேலைதான் பார்த்தார். பெயர் சுருங்கியதெல்லாம் அப்புறம், பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும், பல நேரம் அவர்களே விரும்பி.

பீட்சாக் கடையும் வேண்டாம். தெற்கு இத்தாலியிலிருந்து வந்தவர்களில் ஏராளமானோர் நிலத்தில் பாடுபட்டவர்கள். நியூயார்க்கிலும் அவர்கள் கைக்கு வந்தது மண்வெட்டிதான். 1904-ல் திறந்த சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டியவர்களில் இவர்கள் நிறையப் பேர். வேலை பிடித்துக் கொடுக்க 'பத்ரோனே' என்று ஒருவர் இருப்பார். கங்காணி என்றால் உங்களுக்குப் புரியும். கமிஷன் போகத்தான் மிச்சம் கைக்கு வரும். பனிக்காலத்தில் அந்த வேலையும் படுத்துவிடும். வாடகைக்கு எங்கே போவது?

சரி, அம்மாவுக்கு வருவோம். சும்மா இருக்கிறார் என்று எழுதிவிட்டீர்களே! எலிசபெத் தெருவின் ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில் எந்த அம்மா சும்மா இருந்தார்? தொழிற்சாலையிலிருந்து துணி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து கால்சட்டைக்குக் கையால் தைத்து முடிப்பார். இல்லையென்றால் பெண்களின் தொப்பிக்கான துணிப்பூ. வெட்டி வந்த இதழ்களைப் பிரிப்பது, பசை தடவுவது, கம்பிக் காம்பில் கோப்பது என்று நாலு வயதுக் குழந்தைக்குக்கூட அதில் வேலை உண்டு. கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பூவுக்கு இவ்வளவு என்று. அதே மேஜையில்தான் சாப்பாடும். இது போதாதென்று, ஊர்க்காரப் பையன்கள் இரண்டு பேரை வாடகைக்குப் படுக்க வைத்து, அவர்களுக்கும் சமைத்துத் துவைத்துப் போட்ட வீடுகள் உண்டு. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908-லிருந்து சில ஆண்டுகள் இந்த மேஜைகளைப் படம் எடுத்திருக்கிறார். எழுத உட்காரும் முன் அவற்றைப் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளின் விரல்களை.

ஒரு எச்சரிக்கை. 1911 என்றதும் மார்ச் 25-ல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் நடந்த தீ விபத்தில் மகளைச் சாகடிக்க ஆசை வரும். செத்த 146 பேரில் பெரும்பாலோர் இளம் யூத, இத்தாலியப் பெண்கள்தான். ஆனாலும் கதையை முடிக்கத் தெரியாமல் தீ வைப்பது நியாயமில்லை. அவள் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டட்டும். அம்மா எண்ணிப் பார்த்து, சில்லறை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கட்டும். அப்பா அடுப்போரம் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு வசனம் வேண்டாம்.