மூன்று ஊர் போதும்: டெல்டாவின் பழைய ஊர்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். நவக்கிரகக் கோயில்கள், தாராசுரம், சுவாமிமலை எல்லாம் பார்த்தாயிற்று. கூட்டம் இல்லாத பழைய ஊர்களாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முடியுமா? – வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: மூன்று போதும். ஆறு என்று எழுதிக்கொண்டு கிளம்பினால் நாலாவது ஊரில் கதவைத்தான் பார்ப்பீர்கள். சின்ன ஊர்களில் காலை 11 மணிக்குள் நடை சாத்திவிடுவார்கள், சில இடங்களில் 10 மணிக்கே. மாலை 5க்கு முன் திறப்பதில்லை. காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்பதுதான் கணக்கு.

முதல் நாள் 8 மணிக்குப் புள்ளமங்கையில் இருங்கள். தஞ்சாவூர் சாலையில் அய்யம்பேட்டையைத் தாண்டிப் பசுபதிகோயிலில் இறங்க வேண்டும். ஆலந்துறைநாதர் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் (907–955) காலத்துக் கோயில். எல்லோரும் கோஷ்டத்து, அதாவது கருவறை வெளிச்சுவர் மாடத்துத் துர்க்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தலைக்கு மேல் குடை, ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் மான், காலடியில் எருமைத்தலை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரின் சொத்து அதற்கும் கீழே, சுவரைத் தாங்கும் அடித்தளமான அதிட்டானத்தில் இருக்கிறது. ஒரு சாண்கூட இல்லாத கட்டங்களில் ராமாயணக் காட்சிகளை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் வெறும் கல் வரிசை மாதிரிதான் தெரியும். குனிந்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடியுங்கள். நிழல் விழுந்ததும் கை, கால், வில் எல்லாம் எழுந்து வரும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மழைக்குப் பிறகு சுவரைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், கிட்டே போக முடியாது.

அங்கிருந்து 10 மணிக்குப் பட்டீஸ்வரம் பக்கம். அந்த ஊர்ப் பெரிய கோயிலில் செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில் துர்க்கை சந்நிதிக் கூட்டம் நெரியும். நீங்கள் தேடுவது அருகிலுள்ள ராமநாதன்கோயில். ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய சமாதிக் கோயில். பெற்ற தாய் அல்ல, சிற்றன்னை. கல்வெட்டே பள்ளிப்படை என்று சொல்வதால் இதில் வாதத்துக்கு இடமில்லை. மாலையில் சோழர் தலைநகரமாக இருந்த பழையாறை. அரண்மனையைத் தேடாதீர்கள், செங்கல்கூட மிஞ்சவில்லை. சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர் என்று சுற்றியுள்ள ஊர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனால் தலைநகரத்தின் பரப்பு பிடிபடும்.

இரண்டாம் நாள் காலை கோனேரிராஜபுரம். காரைக்கால் சாலையில் எஸ்.புதூரில் பிரிய வேண்டும். சோழ அரசி செம்பியன்மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் நினைவாகக் கற்றளியாக்கிய (கல்லில் கட்டிய) திருநல்லம் இதுதான். கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தைக் கருவறையின் தெற்குச் சுவரில் பாருங்கள். கீழே கல்வெட்டும் உண்டு. உள்ளே ஆளுயரத்தைத் தாண்டிய நடராஜர். இவரைக் கம்பிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்க்காமல் தீபாராதனை வரை காத்திருப்பது நல்லது.

நடுப்பகலில் கோயிலைத் தேட வேண்டாம், ஆடுதுறை வழியாக நரசிங்கம்பேட்டைக்குப் போய் நாகஸ்வரப் பட்டறையைப் பாருங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும்தான் வேண்டும். பச்சை மரம் கடைந்த பிறகு காயும்போது வளையும், துளை கோணும், சுருதி நிற்காது. உலவு, அணசு, கெண்டை, சீவாளி என்று நாகஸ்வரத்தின் பாகங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கையில் வாங்கிப் பார்க்கலாம். வீட்டோடு சேர்ந்த பட்டறை என்பதால் வாசலில் குரல் கொடுத்து, கடைசல் ஓடாத நேரமா என்று கேட்டு உள்ளே போங்கள். திரும்பும் வழியில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை சரபேஸ்வரர் சந்நிதியில் நிற்க இடம் இருக்காது. வேறு நாளாகப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: 9 மணிக்கே போனோம், கோயில் பூட்டியிருந்தது. யாரிடம் சாவி கேட்பது? – வாசகர், நன்னிலம்

பதில்: ஒருகால பூஜைக் கோயிலாக இருக்கும். ஒரே குருக்கள் மூன்று நான்கு ஊர்களை வண்டியில் சுற்றிவருவார். கேட்டில் அல்லது சுவரில் அவருடைய கைபேசி எண் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எதிர்வீடு, டீக்கடை, பால் சொசைட்டி என்ற வரிசையில் விசாரியுங்கள். பல ஊர்களில் வெளிக் கதவின் சாவி மெய்க்காவலர் (கோயில் காவலாளி) வீட்டில் இருக்கும். வீட்டில் இருக்கும் அக்காவே வந்து திறந்துவிடுவார். ஆனால் கருவறைச் சாவி குருக்களிடம் மட்டும்தான், அதை வற்புறுத்தக் கூடாது. முந்தைய நாள் மாலையே போன் செய்து, “சாமி, நாளைக்கு எத்தனை மணிக்கு இங்கே இருப்பீங்க?” என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பூவும் எண்ணெயும் கும்பகோணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், இந்த ஊர்களில் கடை கிடையாது. தட்டில் போடுவதைத் தாராளமாகப் போடுங்கள்.

உற்சவரைக் காணவில்லையே என்று குருக்களிடம் சந்தேகமாகக் கேட்க வேண்டாம். பாதுகாப்பில்லாத கோயில்களின் செப்புத் திருமேனிகள் திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் இருக்கின்றன. திருவிழாவுக்குத்தான் ஊருக்கு வரும்.

கேள்வி: உடையாளூரில் இருப்பது ராஜராஜன் சமாதிதானா? – மாணவர், பாபநாசம்

பதில்: அப்படிச் சொல்லும் கல்வெட்டு இல்லை. அங்கே பால்குளத்தி அம்மன் கோயில் தூணில் இருப்பது முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1112ஐ ஒட்டியது. சிவபாதசேகரன் பெயரிலான திருமாளிகையின் முன்மண்டபம் பழுதானதைப் புதுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர், சரி. ஆனால் மாளிகையைச் சமாதி ஆக்கியது பின்னால் வந்தவர்களின் ஆசை. தூணைப் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: கோஷ்டத் துர்க்கையைப் படமெடுத்தால் எப்போதும் கறுப்பாகவே வருகிறது. – வாசகர், திருவாரூர்

பதில்: துர்க்கையும் பிரம்மாவும் வடக்குச் சுவரில் இருப்பவர்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருக்கும், அந்தச் சுவருக்கு வெயிலே படாது. அப்போது தெற்குச் சுவரின் தட்சிணாமூர்த்திதான் நன்றாக வருவார். துர்க்கைக்கு வைகாசி, ஆனி. காலை 7 முதல் 8.30 வரை வெயில் வடகிழக்கிலிருந்து சாய்வாக விழுந்து செதுக்கலைத் தூக்கிக் காட்டும். மற்ற மாதங்களில் போக நேர்ந்தால், வெயில் படும் தரையில் வெள்ளை வேட்டியை விரியுங்கள். அதிலிருந்து எழும் வெளிச்சமே போதும். ஃபிளாஷ் அடித்தால் எண்ணெய்ப் பூச்சு பளபளத்து முகம் போய்விடும். சேலை சாத்தியிருந்தால் எடுக்கச் சொல்லாதீர்கள், அபிஷேக நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு வாருங்கள். முதலில் அனுமதி.

கேள்வி: மெலட்டூர் பாகவத மேளா பார்க்க எப்போது போக வேண்டும்? – வாசகி, மன்னார்குடி

பதில்: இது கோயிலில் ஆடும் இசை நாட்டிய நாடகம். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும். பிரகலாத சரித்திரம் நடக்கும் இரவைத் தவறவிடாதீர்கள். இரவில் தொடங்கினால் விடியும்வரை போகும். பெண் வேடமும் ஆண்களே. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள் என்பதால் கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போங்கள். பாட்டும் அபிநயமும் மீதியைச் சொல்லிவிடும். நரசிம்மர் வருவது கடைசியில்; 12 மணிக்கே கிளம்புகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. நடுநிசியில் பஸ் கிடையாது, திரும்ப வண்டி ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: பைக்கில் சுற்ற எந்த மாதம் நல்லது? – வாசகர், குத்தாலம்

பதில்: மாசி. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரைச் சாலைகளில் வண்டல் சேறு டயரில் அப்பிக்கொள்ளும். தை மாதம் குளிர்ச்சிதான், ஆனால் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும், வேகத்தைக் குறைத்து ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள். சித்திரை வெயிலில் போவதானால் தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், 11 மணிக்கு மேல் பிரகாரக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. மினி பஸ்ஸை நம்பினால், இறங்கும்போதே கடைசி நடை எப்போது என்று கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள்.