லூவனுக்கு வைரஸ் மருந்து ஆராய்ச்சிக்கு வரும் தம்பிக்கு

மதுரையில் எம்.எஸ்சி. பயோடெக் முடித்த கையோடு, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வைரஸ் எதிர்ப்பு மருந்து ஆராய்ச்சியில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள் தம்பி. கூடவே நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள்: "நாலு வருஷத்துல ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியுமா அக்கா? தினமும் என்ன வேலை இருக்கும்? வைரஸோட வேலைன்னு அம்மா பயப்படுறாங்க, ஆபத்தா? வர்ற பணத்துல வீட்டுக்கு அனுப்ப முடியுமா?" இதே ஊரில் இதே துறையில் படித்து முடித்து, இந்த நாட்டிலேயே ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: நான்கு வருடத்தில் மருந்து வராது. ஒரு மூலக்கூறு வைரஸைத் தடுக்கிறதா இல்லையா என்பதற்கு, அடுத்தவர் நம்பி எடுத்துப்போகக்கூடிய பதில் வரும். இதை மனதில் தெளிவாக வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். மருந்து கண்டுபிடிக்கும் கனவோடு மட்டும் வந்த நல்ல பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வரப்போகும் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. லூவனில் உள்ள ரேகா ஆய்வு நிறுவனத்தின் எரிக் டி கிளெர்க், 1976இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நடந்த கருத்தரங்கில் பிராக் நகர வேதியியலாளர் அன்டோனின் ஹோலியைச் சந்தித்தார். அதன்பிறகு ஹோலி அங்கே மூலக்கூறுகளைச் செய்து அனுப்புவார், இங்கே அவற்றை வைரஸ் மேல் போட்டுப் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து, 1986இல், அந்த வரிசை மூலக்கூறுகளைப் பற்றிய முக்கியமான கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. அதிலிருந்து கிளைத்த டெனோஃபோவிர், எச்.ஐ.வி. மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001இல். சந்திப்பிலிருந்து மாத்திரை வரை 25 வருடம்! நடுவில் அந்த லேபில், சின்னச் சின்னக் குழிகள் உள்ள சோதனைத் தட்டுகளில், பிளேட் பிளேட்டாகச் சோதித்த மாணவர்களில் பெரும்பாலானவர்கள், மருந்து கடைக்கு வரும் முன்பே தீசிஸ் முடித்துக் கிளம்பியிருப்பார்கள்.

அதே 1986இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா தன் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது. இன்று நம்மூரில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் டெனோஃபோவிரும் ஒரு மருந்து. ஒரு மாணவியின் ரத்தப் பரிசோதனை அந்தப் பக்கம், பெயர் தெரியாத பல மாணவர்களின் பிளேட்டுகள் இந்தப் பக்கம். மாணவர் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, தினமும் என்ன வேலை? பெரும்பாலும் செல் கல்ச்சர், அதாவது செல்களை லேபில் வளர்ப்பது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உங்கள் நாலு வருடத்தின் பெரும்பகுதி இதிலேதான் கழியும்.

96 குழி பிளேட்டில் முதல் நாள் செல்களைப் போடுவீர்கள். மறுநாள் உங்கள் மூலக்கூறைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் மிகக் குறைவு என்று வரிசையாக விட்டு, மேலே வைரஸைச் சேர்ப்பீர்கள். சில குழிகளில் வைரஸ் இருக்காது, சிலவற்றில் மருந்து இருக்காது. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அவைதான் கன்ட்ரோல். ஓரத்துக் குழிகள் இன்குபேட்டரில் சீக்கிரம் வற்றும், அதனால் அவற்றில் செல் இல்லாமல் மீடியம் என்ற வளர்ப்புத் திரவம் மட்டும் விட்டுவைப்பது நல்லது. ஐந்து நாள் போல கழித்து, முதலில் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஆரோக்கியமான செல்கள் தட்டையாக, ஒன்றையொன்று ஒட்டிப் படர்ந்திருக்கும். வைரஸ் பிடித்தவை உருண்டு, அடியிலிருந்து பிடிவிட்டு மிதக்கும். அப்புறம்தான் சாயம். உயிருள்ள செல் இருந்தால் மஞ்சள் பழுப்பாக மாறும், செத்திருந்தால் வெளிறியே நிற்கும். மருந்தில்லாமல் வைரஸ் மட்டும் போட்ட கன்ட்ரோல் வெளிறிக் கிடக்க, உங்கள் மருந்து போட்ட நாலைந்து குழிகள் மட்டும் நல்ல பழுப்பில் நிற்பதைப் பார்க்கும் அந்தக் காலை நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஆனால் அதே வரிசையில் மருந்து மிக அதிகமான குழிகளைப் பாருங்கள். அங்கே மறுபடியும் வெளிறியிருந்தால், வைரஸ் அல்ல, உங்கள் மருந்தே செல்லைக் கொன்றிருக்கிறது. வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு ஈசி50, செல்களில் பாதியைக் கொல்லும் அளவு சிசி50. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே கேள்வி. பினாயில்கூட வைரஸைக் கொல்லும், கூடவே செல்லையும்.

செல்களுக்கு விடுமுறை தெரியாது. வெள்ளிக்கிழமை தொற்று ஏற்றினால் புதன்கிழமை பார்க்கலாம். செவ்வாய் ஏற்றினால் ஞாயிறு வந்து நிற்க வேண்டும். வந்த முதல் மாதமே இந்தக் கணக்கைப் பழகிக்கொண்டால் வார இறுதிகள் உங்களுடையவை. இங்கே யாரும் இரவு பத்து மணி வரை லேபில் உட்கார்ந்திருப்பதை உழைப்பு என்று மெச்ச மாட்டார்கள்.

நல்ல முடிவு வந்தால் உடனே நம்பாதீர்கள் என்று உங்கள் கைடு சொல்வார். ஏன் என்பதற்கு குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்தின் கதை போதும். 2020 தொடக்கத்தில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் அது கொரோனா வைரஸை அழகாகத் தடுத்தது. அந்த முடிவு உலகமெங்கும் பரவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். மார்ச் மாதத்திலேயே மருத்துவப் பணியாளர்களுக்கு அதன் உறவான ஹைட்ராக்ஸி குளோரோகுயினை முன்காப்பாகப் பரிந்துரைத்தது. சில மாதங்களில் மனித நுரையீரல் செல்களில் போட்டுப் பார்த்தபோது குளோரோகுயின் தடுக்கவே இல்லை. வீரோ செல்லுக்குள் வைரஸ், செல்லின் உள்ளே இருக்கும் சிறு பையின் அமிலத்தன்மையை நம்பி நுழைகிறது. குளோரோகுயின் கெடுப்பது அந்த அமிலத்தன்மையை. நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி இருக்கிறது, அதன் உதவியால் வைரஸ் வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறது. அந்த ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயினால் பலன் இல்லை என்று முடித்துவைத்தது. அடுத்த வருடம், கொரோனாவுக்கு மறுபயன்பாட்டுக்கு என்று பட்டியலிடப்பட்ட பல பழைய மருந்துகள் செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கவைத்ததாலேயே வைரஸை அடக்கியதுபோலத் தெரிந்தன என்று சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது.

இதில் உங்களுக்கு என்ன? ஒரு மாணவர் தன் மூலக்கூறை இன்னொரு வகை செல்லிலும் சோதித்து, "இது வேலை செய்யவில்லை" என்று தெளிவாக எழுதினால், அந்த வாக்கியத்துக்கு அவ்வளவு மதிப்பு. குழுக் கூட்டத்தில் நெகடிவ் முடிவைக் காட்ட நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். பரீட்சையில் தோற்றதுபோல நினைக்கிறார்கள். தயங்க வேண்டாம். கன்ட்ரோல் சரியாக இருந்து, மூன்று முறை தனித்தனியாகச் செய்து வந்த "இல்லை" ஒரு முழு முடிவு. கன்ட்ரோல் ஆட்டம் கண்ட "ஆமாம்" எதற்கும் உதவாது.

வேலை செய்யும் மூலக்கூறு கிடைத்தாலும் அது எங்கே பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வைரஸை மருந்தோடு சேர்த்தே வளர்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மருந்தை மீறி வளரும் வைரஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். வந்ததும் அதன் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால் எந்தப் புரதம் மாறியிருக்கிறது என்று தெரியும். உங்கள் தீசிஸில் ஒரு முழு அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

லூவன் ஆட்கள் டெங்குவுக்குக் கண்ட மூலக்கூறும் இப்படித்தான் புரிந்துகொள்ளப்பட்டது. வைரஸின் என்.எஸ்.3, என்.எஸ்.4பி என்ற இரண்டு புரதங்கள் சேர்வதை அது தடுக்கிறது, டெங்குவின் நான்கு வகைகளிலும். 2021இல் நேச்சரில் வந்தது. அதே வரிசையில் வந்த மோஸ்னோடென்விர் மாத்திரை மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போனது. நல்ல அறிகுறிகளும் தெரிந்தன. 2024இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் ஆராய்ச்சி முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டபோது அந்தச் சோதனையை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக் குறை எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் வார்டு நிரம்புவதையும், நிலவேம்புக் குடிநீருக்கு வரிசை நிற்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி பெரிய வருத்தம். இன்றுவரை டெங்குவுக்கென்று அனுமதி பெற்ற தனி மருந்து இல்லை. ஏழை நாடுகளின் நோய்க்கு மருந்து செய்வதில் அறிவியல் தாண்டியும் தடைகள் உண்டு. இந்தத் துறைக்கு வருகிறவர் இதைத் தெரிந்தே வர வேண்டும், தெரிந்தவர்கள்தான் வரவும் வேண்டும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆபத்தான வைரஸ்களைத் தொடும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு லேபுக்குள் வந்த அன்றே யாரையும் விட மாட்டார்கள். பயிற்சி முடிந்து, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் தனியாக வேலை. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள், காற்று உள்நோக்கித்தான் ஓடும். இரண்டு கதவு, இரண்டு அடுக்குக் கையுறை, தனி உடை. டெங்கு போன்றவை மூச்சில் தொற்றுபவையும் அல்ல. லேபில் நிஜமாகவே பயப்பட வேண்டியது ஊசிமுனை, உடைந்த கண்ணாடி, அப்புறம் அவசரம். எலிச் சோதனை உங்கள் திட்டத்தில் இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் கட்டாயம்.

பணம்: முனைவர் உதவித்தொகைக்கு இங்கே வருமான வரி இல்லை, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் மட்டும் உண்டு. கைக்கு மாதம் 2,500 யூரோவை ஒட்டி வரும். மாணவர் அறை வாடகை 500 யூரோ போல, தனி ஸ்டூடியோ என்றால் 800 தாண்டும். வெளியில் சாப்பிடாமல் சமைத்துக்கொண்டால் வீட்டுக்கு ஒரு தொகை அனுப்பலாம். ஆனால் வந்ததும் வீட்டு முன்பணம், சைக்கிள், குளிர் உடை என்று செலவு வரிசையாக நிற்கும், முதல் மூன்று மாதம் அனுப்புவதாக வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் அக்காவின் கல்யாணக் கடன் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வந்து இறங்கியதும் ரயில் நிலையத்தை ஒட்டிய நகர அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். நீங்கள் அந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று பார்க்க உள்ளூர் போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார், பயப்பட வேண்டாம், இங்கே எல்லாருக்கும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரை அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லையென்றால் அவர் திரும்பிப் போய்விடுவார், அடையாள அட்டை தள்ளிப்போகும். மருத்துவக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றிலும் சேர்ந்துவிடுங்கள். லேப் இருக்கும் காஸ்ட்ஹூயிஸ்பெர்க் வளாகம் குன்றின் மேல், சைக்கிளில் ஏற முதலில் மூச்சு வாங்கும். பஸ்ஸும் உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸ் போனால் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன.

கைடைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் வாய் வராது, பழகிவிடும். "நீங்கள் சொன்னால் சரிதான்" என்று தலையாட்டினால் இங்கே உங்களுக்குச் சொந்தக் கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மறுத்துப் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவது நீங்கள்தான். நவம்பர், டிசம்பர் கடினம். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், சூரியனைப் பார்க்காமலே ஒரு வாரம் போகும். அந்த மாதங்களில் பிளேட்டும் சொதப்பினால் மனம் மிகவும் சோர்ந்துபோகும். தனியாக அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போய்ப் பேசுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கைடுடன் ஒருமுறை பேசப்போவதாகச் சொன்னீர்கள். அப்போது மூன்று விஷயம் கேளுங்கள். நாலு வருடத்துக்கும் பணம் உறுதியா, அல்லது நடுவில் இங்குள்ள ஆராய்ச்சி நிதி அமைப்பான எஃப்.டபிள்யூ.ஓ.வின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து ஜெயிக்க வேண்டுமா? மூலக்கூறுகளைச் செய்துதரும் வேதியியல் குழு யார், அவர்கள் தாமதித்தால் உங்கள் கையில் வேறு வேலை இருக்குமா? போன இரண்டு மூன்று மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்த மாணவர்களில் ஒருவரிடம் தனியாகப் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.