குனியாமல் பாத்திரம் கழுவ: இயந்திரம் வாங்குமுன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: கிளிநொச்சி வட்டக்கச்சியில் வசிக்கிறேன். வயது 61. போரின்போது முதுகில் பட்ட காயத்துக்குப் பிறகு குனிந்தால் நிமிர்வது பெரும்பாடு. வலது கை தோளுக்கு மேல் உயராது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, கிணற்றுத் தண்ணீர், 12 அடி உயரத்தில் தண்ணீர்த் தாங்கி. கனடாவில் இருக்கும் மகன் தன் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் கப்பலில் அனுப்புவதாகச் சொல்கிறான். அது எனக்குப் பயன்படுமா? நம் தண்ணீருக்குத் தாங்குமா? அடியில் உள்ள வடிகட்டியை அடிக்கடி துப்புரவாக்க வேண்டுமாம், அதற்கு நான் எப்படிக் குனிவது?

பதில்: அம்மா, பாத்திரம் கழுவும் இயந்திரம் உங்களுக்குப் பயன்படும். மகன் அனுப்பப்போகும் இயந்திரம் பயன்படாது. பெட்டி கட்டுவதற்கு முன் இன்றைக்கே கதைத்து மறித்துவிடுங்கள்.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் (அதாவது மின்னோட்டம் நொடிக்கு 60 தடவை அலைகிறது). இலங்கையில் நம்முடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த இயந்திரத்தை இங்கே நேரே செருகினால் கருகிவிடும். "ஒரு டிரான்ஸ்போமர் போட்டால் சரி" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் அதை விற்பவரே சொல்வார். டிரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றிச் சூடேறும். தண்ணீரும் வேகமாக அடிக்காது. இதைவிடப் பெரிய குறையும் இருக்கிறது. வட அமெரிக்க வீடுகளில் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு உப்பு போடும் அறை கிடையாது. வெள்ளைப் படை பிடிக்கும் கடின நீரை மென்மையாக்கத்தான் அந்த உப்பு. நம் கிணற்றுத் தண்ணீருக்கு முதலில் வேண்டியதே அந்த அறைதான்.

பொதி அனுப்பும் முகவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டி அடைக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் காசு வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது இங்கே வேலை செய்யுமா என்பது அவர்களுடைய கவலை இல்லை. "வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருவோம்" என்பார்கள். பெட்டி சுங்கத்தில் நிற்கும்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். தீர்வை, களஞ்சியக் கூலி, பாரஊர்திக் கூலி எல்லாம் உங்கள் தலையில் விழும். இப்படி வந்த இயந்திரங்கள் பொலித்தீன் கூடப் பிரிக்காமல் விறாந்தையில் நெல்லு மூட்டைக்குத் தாங்கியாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெறுத்துவிட்டது. பிள்ளைகள் பனியில் நின்று உழைத்த காசு அது. லண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவது மின்சாரத்துக்குப் பொருந்தும். ஆனாலும் பழைய இயந்திரத்துக்கு இங்கே உதிரிப்பாகம் தேடி அலைய முடியாது. மகன் காசை அனுப்பட்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ புதிதாக வாங்குங்கள்.

வாங்கப் போகும் கடையில் 12 பேருக்குரிய பெரிய இயந்திரத்தைக் காட்டுவார்கள். வேண்டாம். அது நிலத்தில் நிற்பது, உயரம் சுமார் 85 சென்ரிமீற்றர். கீழ்த் தட்டு உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கும், வடிகட்டி அதற்கும் கீழே. உங்களைக் குனியவைக்கவென்றே செய்ததுபோல இருக்கும். உங்களுக்குரியது மேசை மேல் வைக்கும் சிறிய வகை: ஆறு பேருக்கான கோப்பைகள் கொள்ளும், அகலம் சுமார் 55 சென்ரிமீற்றர், உயரம் 44 அளவில்.

அதிலும் ஒரு பொறி உண்டு. "குழாயே பூட்டத் தேவையில்லை" என்று சொல்லி ஒரு வகையை விற்கிறார்கள். அதன் தலையில் உள்ள தொட்டியில் ஒவ்வொரு முறையும் ஐந்து லீற்றர் அளவு தண்ணீரைக் கையால் ஊற்ற வேண்டும். ஐந்து லீற்றர் என்றால் ஐந்து கிலோ. தோள் உயராத ஒருவருக்கு அதை விற்பது அநியாயம். குழாய் பூட்டும் வகையையே கேளுங்கள்.

இனி உயரம். இயந்திரம் வாங்குமுன் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். வழக்கமாக நீங்கள் உட்காரும் பிளாஸ்ரிக் கதிரையில் உட்காருங்கள். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடியுங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரை பேரப்பிள்ளை ஒருவர் அளக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு 65 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். இயந்திரத்தின் தட்டை வெளியே இழுத்தால் அது அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தட்டு இயந்திரத்தின் அடியிலிருந்து அரை அடி மேலே இருக்கும் என்று வையுங்கள். அப்படியானால் அடியில் கட்ட வேண்டிய திட்டு சுமார் ஒன்றரை அடி. இரண்டு வரி சீமெந்துக் கல், அதன் மேல் இரண்டு அங்குலக் கொங்கிறீற் பலகை, அவ்வளவுதான். மேசன் ஒருவருக்கு அரைநாள் வேலை. குசினியில் ஏற்கனவே கட்டியிருக்கும் உயரமான திட்டில் தூக்கி வைக்க விடாதீர்கள். கடையிலிருந்து வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் வைப்பார்கள். அங்கே வைத்தால் குனிய வேண்டாம், உண்மைதான். ஆனால் உங்கள் தோள் அங்கே எட்டாது.

கதவு முன்பக்கமாகக் கீழே மடியும். நேர் எதிரே உட்கார்ந்தால் முழங்காலில் இடிக்கும். உங்களுக்கு இடது கைதான் நல்ல கை. அதனால் திறந்த கதவு உங்கள் இடப்பக்கம் வரும்படி கதிரையைப் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கோப்பைகளை மடியில் ஒரு தட்டத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கலாம். பாரமானதை முன் ஓரத்தில் வையுங்கள், இலேசானதைப் பின்னே தள்ளலாம். கத்தி கூர் கீழே பார்க்கட்டும்.

திட்டில் ஏற்றும்போது தொழிலாளர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயை அவர்கள் நேரே நிலத்துக்கு இறக்கிவிடுவார்கள். இயந்திரம் உயரத்தில், குழாயின் வாய் தாழ்வில். உள்ளே வரும் தண்ணீர் கழுவுவதற்கு முன்பே உறிஞ்சி ஓடிவிடும், இயந்திரம் பிழை காட்டி நிற்கும். குழாயை முதலில் இயந்திரத்தின் தலை உயரத்துக்கு ஏற்றிக் கொளுவிவிட்டுப் பிறகு இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை வாழையடிக்கு விட வேண்டாம், அதில் உப்பும் கழுவும் தூளின் காரமும் கலந்திருக்கும்.

இவ்வளவையும் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தத் திட்டை உங்கள் வீடு கட்டும்போதே கட்டியிருக்க வேண்டும். 2009க்குப் பிறகு வன்னிக்குள் திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்குக் காயம் என்பது எந்த அலுவலகத்துக்குத் தெரியாது? இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் முள்ளந்தண்டில் காயம் பட்டவருக்கும் திடகாத்திரமான இளைஞருக்கும் ஒரே வரைபடம், ஒரே வாசற்படி, ஒரே உயரத்தில் அடுப்புத் திட்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை பேசுவது பொதுக் கட்டடங்களைப் பற்றி. குசினிக்குள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவம் மட்டும் வருடாவருடம் புதிதாக வருகிறது.

மேலே சொன்ன உயரக் கணக்கு ஒரு சாராருக்கு மட்டும் பொருந்தாது. செயற்கைக்கால் போட்டவர்களைச் சொல்கிறேன். உங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் வன்னியில் இதை வாசிக்கும் பலருக்குத் தேவை. செயற்கைக்கால் பாதம் பதித்த இடத்தில் நிற்கும், உடம்போடு சேர்ந்து திரும்பாது. கழுவும் தொட்டியிலிருந்து கோப்பையை எடுத்து இயந்திரத்தின் பக்கம் உடம்பைத் திருப்பினால் அந்தத் திருகல் முழுவதும் செயற்கைக்காலின் கிண்ணம் போன்ற மேற்பகுதிக்குள் இருக்கும் எஞ்சிய காலில் உரசும். ஒவ்வொரு கோப்பைக்கும் இப்படிக் கால் உரசினால் தோல் கன்றும், பிறகு புண்ணாகும், பிறகு வாரக்கணக்கில் காலைப் போட முடியாது. ஆகவே நின்று அடுக்குபவர் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் திரும்பாமல், இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பக்கமாக நடந்து அடுக்க வேண்டும். நல்ல கால் இருக்கும் பக்கம் இயந்திரம் வரட்டும். திட்டு இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் இருக்கட்டும். கதவடியில் சொட்டும் தண்ணீரை உடனே துடைக்க ஒரு துணி கொளுவியிருக்க வேண்டும். ஈரச் சீமெந்துத் தரையில் செயற்கைப் பாதம் வழுக்குவதை அந்தக் காலால் உணர முடியாது. உட்கார்ந்து அடுக்க முடிந்தால் அவர்களும் உட்காருவதே மேல். அப்போது உங்களுக்குச் சொன்ன அளவே அவர்களுக்கும் போதும்.

இப்போது தண்ணீர். 10 மீற்றர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உங்கள் 12 அடித் தாங்கியில் அது 0.4 பாரையும் எட்டாது. இயந்திரம் கேட்கும் ஆகக் குறைந்த அழுத்தம் அதன் கைநூலில் இருக்கும், பல 0.4 அல்லது 0.5 கேட்கின்றன. கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போதாவிட்டால் சிறிய அழுத்தப் பம்பி ஒன்று பூட்ட வேண்டிவரும். அந்தச் செலவையும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் கடினமானதா என்று அறிய ஆய்வுகூடம் போகத் தேவையில்லை. கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை பிடித்திருந்தால் கடின நீர். வன்னியில் பெரும்பாலான கிணறுகள் அப்படித்தான். இயந்திரத்தில் கடினத்தன்மைக்கான அளவு தொழிற்சாலையிலேயே நடுவாக வைக்கப்பட்டிருக்கும். பூட்ட வருபவரைக் கொண்டு அதைக் கூட்டிவையுங்கள். குழாயில் காந்தம் கட்டினால் கல் பிடிக்காது என்று சொல்லி வீட்டுக்கு வீடு வருபவர்களுக்கு ஐந்து சதமும் கொடுக்காதீர்கள்.

உப்பு இதற்கென்று விற்பது வேண்டும். நம் வாசலிலேயே ஆனையிறவு உப்பளம் இருக்கும்போது ஏன் வெளியில் வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். கல்லுப்பு மீன்குழம்புக்கு நல்லது. ஆனால் அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் மண்ணும், இயந்திரம் தண்ணீரிலிருந்து அகற்ற வேண்டிய பொருட்களும் அடைக்கும் பொருட்களும்தான். தூள் உப்பு கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும். உப்பு அறையின் மூடி உள்ளே அடியில் இருக்கிறது. திட்டில் ஏற்றிவிட்டால் கதிரையில் இருந்தபடி தட்டை வெளியே எடுத்துவிட்டு இடது கையால் திருகலாம். மூடி இறுகியிருந்தால் அயலில் ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், தினமும் செய்யும் வேலை இல்லை அது. உப்புப் போட்ட உடனே ஒரு முறை கழுவ விடுங்கள். சிந்திய உப்பு உள்ளே கிடந்தால் துருப்பிடிக்கும்.

நீங்கள் பயந்த வடிகட்டிக்கு வருகிறேன். அது கிண்ணம் அளவில் ஒரு வலை உருளை. கால்வாசி திருப்பினால் கையோடு வரும். திட்டின் உயரத்தில் அதற்குக் குனியத் தேவையில்லை. வாரம் ஒருமுறை குழாயடியில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். சூடை மீன் குழம்பு வைத்த நாளில் அன்றைக்கே பாருங்கள். அந்த மெல்லிய முள் வலைக் கண்ணில் குத்தி நிற்கும், அதைச் சுற்றித் தேங்காய்ப்பூவும் மிளகாய் விதையும் சேர்ந்து ஒரே இரவில் நாறத் தொடங்கும். கோப்பையை அடுக்குமுன் கழுவத் தேவையில்லை. முள்ளையும் முருங்கைச் சக்கையையும் வழித்துப் போட்டாலே போதும். உள்ளே சுழன்று தண்ணீர் விசிறும் இயந்திரக் கையின் துளைகள் அடைத்தால் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் குத்திவிடலாம்.

மண்சட்டி, அகப்பை, நீத்துப்பெட்டி, அலுமினியப் பானை எதையும் உள்ளே வைக்க வேண்டாம். அலுமினியம் கறுத்துப்போகும்.

கழுவி முடிந்த கோப்பைகளை உயரத் தட்டில் அடுக்க நினைக்காதீர்கள். அவை இயந்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த வேளைக்கு அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுங்கள். அழுக்கானவை அதுவரை தொட்டியில் கிடக்கலாம். தோளை உயர்த்தும் வேலை இதனாலேயே பாதியாகக் குறையும்.

மின்சாரத்துக்குத் தனிச் செருகி வேண்டும். நீட்டு வயரில் ஓட்டக் கூடாது. நிலத்தொடுப்புக் கம்பி ஆடி மாத வரட்சியிலும் வேலை செய்கிறதா என்று மின்னியலாளர் அளந்து சொல்லட்டும். சிறிய இயந்திரம் ஒரு கழுவலுக்கு ஓர் அலகுக்கும் குறைவாகவே எடுக்கும். ஆனால் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடிவிடும், பட்டியலைக் கவனியுங்கள். மாலையில் வோல்ற் இறங்கும் ஊர்களில் பகலில் ஓட்டுவதே நல்லது.

காசு கொடுக்குமுன் கடைசியாக ஒன்று. பழுதானால் கிளிநொச்சிக்கு வந்து திருத்துபவர் யார், அவருடைய பயணச் செலவு யாருடையது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் "நாடு முழுவதும் சேவை" என்று அச்சடித்திருப்பதை நம்பி வராதீர்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.