சம்பில் ஒட்டிய சிலிகான்: தண்ணீர் எப்போது விடலாம்?

கேள்வி: மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் கண்ணாடி சம்பில் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் துணைத் தொட்டி) ஸ்கிம்மருக்கு (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) இடம் வேண்டும் என்று ஒரு தடுப்பைப் பெயர்த்துத் தள்ளிச் சிலிகானால் ஒட்டியிருக்கிறேன். டியூபில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஒரு நண்பர் ஒரு வாரம் பொறு என்கிறார், இன்னொருவர் சிலிகான் தண்ணீருக்குள்ளேயே இறுகும், இப்போதே தண்ணீரை விடு என்கிறார். மேலே தொட்டியில் மீன்கள் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: ஒரு வாரம் சொன்னவர் பக்கம்தான் நான். டியூபில் அந்த 24 மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு அளவும் இருக்கும், அதைத்தான் யாரும் படிப்பதில்லை. சிலிகானிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது, அப்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது, அந்த வினிகர் வாடை அதனால்தான். மேல்தோல் கொஞ்ச நேரத்தில் கட்டிவிடும். அப்புறம் ஈரம் ஏற்கெனவே இறுகின அடுக்கைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே போகப் போக வேகம் குறையும். சாதாரண அறை வெப்பத்தில் முதல் நாளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு மடங்கு ஆழத்துக்கு இரண்டு மடங்கு நாள் போதாது, நான்கு மடங்கு வரை போகும். தடிமனாக அப்பி வைத்தால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் கூட்டிக்கொள்வது காத்திருக்கும் நாட்களைத்தான்.

ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சூடு பட்ட காற்று உலர்ந்துபோகும், சிலிகானுக்கு வேண்டியதோ ஈரம். சம்பை அலமாரிக்குள் மூடி வைக்காமல் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள், அது போதும்.

தண்ணீருக்குள்ளும் இறுகும் என்றவர் சொன்னதும் உண்மைதான், ஆனால் அந்த அமிலம் அப்போது எங்கே போகும்? மீன் இருக்கும் தண்ணீருக்குத்தான், பி.எச். இறங்கும். போதாக்குறைக்கு, பிடி முழுதாக வருமுன் ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தினால் தடுப்பு நகர்ந்துவிடும். தடுப்பு லேசாகக் கசிந்தால் பரவாயில்லை, ஒரு அறைத் தண்ணீர் அடுத்த அறைக்குப் போகும், அவ்வளவுதான். பழையதைச் சுரண்டும்போது சம்பின் வெளிச்சுவர் மூலையில் பிளேடு பட்டிருந்தால் கதையே வேறு, அங்கே கசிந்தால் தரையில்தான் ஓடும். அந்த இடத்தில் பழைய சிலிகான் மேலேயே புதிதைப் பூசி ஒப்பேற்ற முடியாது, இறுகின சிலிகானில் புதியது சரியாக ஒட்டாது, முழுக்கச் சுரண்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

இறுகிவிட்டதா என்று பார்க்க விரலால் அமுக்கிப் பிரயோஜனமில்லை. அடுத்த முறை ஒட்டும் அன்றே ஒரு துண்டுக் கண்ணாடியில் அதே தடிமனில் ஒரு கோடு இழுத்து வையுங்கள், பிற்பாடு அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே பிசுபிசுக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த முறைக்கு மூக்குதான் கருவி: ஒட்டின இடத்துக்குக் கிட்டே போய் முகர்ந்து பாருங்கள், வாடை இருக்கும் வரை வேலை முடியவில்லை.

அதுவரை மீன்களுக்கு ஒன்றும் ஆகாது, தொட்டியில் காற்றுக்கல் ஓடினால் சரி. ஹீட்டர் சம்பில் இருந்திருந்தால் மறக்காமல் மேலே மாற்றுங்கள். பயோ மீடியாவை (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் துண்டுகள்) காயவிடாமல் ஒரு வலைப்பையில் போட்டு, தண்ணீர் ஓட்டம் உள்ள இடமாகப் பார்த்துத் தொட்டியிலேயே தொங்கவிடுங்கள், அதிலுள்ள பாக்டீரியா செத்தால் பிறகு அம்மோனியா ஏறும். தீனியைக் குறையுங்கள். வாரம் முடிந்ததும் சம்பைத் தனியாக, காய்ந்த காகிதத்தின் மேல் வைத்து, வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இணைத்த பிறகு பம்பை ஒருமுறை நிறுத்தியும் பாருங்கள், தடுப்பைத் தள்ளியதால் அறைகளின் அளவு மாறியிருக்கும், மேலிருந்து இறங்கி வரும் தண்ணீருக்குச் சம்பில் இடம் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கண்ணாடி சம்பில் அக்ரிலிக் தடுப்பு ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், ஆனால் சிலிகானுக்கு அக்ரிலிக் மேல் அவ்வளவு பிடிப்பு கிடையாது, ஒருநாள் உரிந்து வரும் என்று எதிர்பார்த்தே ஒட்டுங்கள். அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும் என்பதால் சுவரோடு இறுக்கமாகச் செருகாமல் இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அசிட்டோனால் துடைக்கவே வேண்டாம், அக்ரிலிக் வெடிப்பு விடும். கண்ணாடி கிடைக்குமானால் என் ஓட்டு கண்ணாடிக்கே.

கேள்வி: தெரியாமல் குளியலறை சிலிகானில் ஒட்டிவிட்டேன். கூடுதல் நாள் காயவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: அதில் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்திருந்தால் ஆகாது. எத்தனை நாள் இறுகினாலும் அந்த மருந்து உள்ளேதான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். பெயர்த்துவிட்டு, மீன் தொட்டிக்கு ஏற்றது என்று போட்ட டியூப் வாங்கி ஒட்டுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள், பழசானது இறுகாமலே கிடக்கும். பெயர்க்கும் முன் அது முழுசாக இறுகட்டும், பாதி இறுகினதை இழுத்தால் கண்ணாடி முழுக்க ஈஷிக்கொள்ளும்.