எழும்பூரில் இறங்குவோருக்கு எந்த விடுதி கட்டுப்படியாகும்?

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் மாமியாரும் வெள்ளி இரவு திருநெல்வேலியில் ரயிலேறி, சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் சென்னை எழும்பூரில் இறங்குகிறோம். அருங்காட்சியகம், கடற்கரை, தியாகராய நகரில் கொஞ்சம் துணி எடுத்தல். ஞாயிறு இரவு திரும்பிவிடுவோம். ஆண் துணை இல்லை. அறைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது. செயலியில் 900 ரூபாய்க்கும் அறை இருக்கிறது, 4,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: கணக்கை அறை வாடகையிலிருந்து தொடங்காமல், வண்டி வந்து சேரும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். செயலிகளில் காணும் விடுதிகளில் பெரும்பாலானவை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அறை கொடுத்து, மறுநாள் அதே நேரத்தில் காலி செய்யச் சொல்பவை. காலை ஏழு மணிக்குப் போய் நின்றால், வரவேற்பறை சோபாவில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும், அல்லது அரை நாள் வாடகை கூடுதலாகத் தர வேண்டும். 1,400 ரூபாய் அறை அங்கேயே 2,100 ஆகிவிடுகிறது. ரயில் பயணிகளையே நம்பி நடக்கும் எழும்பூர் கென்னட் சந்து, திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளின் பழைய லாட்ஜுகள் பலவற்றில் ‘24 மணி நேர செக்-அவுட்’ உண்டு; ஏழு மணிக்கு நுழைந்தால் மறுநாள் ஏழு மணி வரை அறை உங்களுடையது. இரவு முழுவதும் ரயிலில் வந்த மாமியாருக்கு உடனே குளித்துப் படுக்க இடம் வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட அறை 1,800 ரூபாய் என்றாலும் உங்களுக்கு அதுவே மலிவு. ஞாயிறு காலை காலி செய்த பின் பெட்டிகளை மாலை வரை வைத்திருப்பார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்பாக ரயில் நிலையத்திலேயே தங்கும் ஓய்வறைக்கு (ரிட்டயரிங் ரூம்) முயன்று பாருங்கள். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால், பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்யலாம். அறைகள் குறைவு; வார இறுதியில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டதும் உண்டு. உங்கள் வண்டி எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

900 ரூபாய் அறை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தீர்களா? வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கம் என்றால், மிச்சப்படுத்தும் பணம் மூன்று பேரின் ஆட்டோ செலவுக்கே போய்விடும். எழும்பூரில் தங்கினால் பாந்தியன் சாலை அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது (வெள்ளிக்கிழமைதான் விடுமுறை). தியாகராய நகருக்கு மின்சார ரயிலில் மாம்பலம் வரை டிக்கெட் ஐந்து ரூபாய்தான். இன்னொன்று: செயலி காட்டும் விலை வழக்கமாக இரண்டு பேருக்கானது. மூன்றாமவருக்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று அங்கே போனபின் வாங்குவார்கள். ஆகவே மூன்று பேர் என்று குறித்தே தேடுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நட்சத்திரக் குறிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அண்மைக் கருத்துகளில் மோசமானவற்றை மட்டும் படியுங்கள். துண்டு பழையது என்ற புகாரைத் தள்ளிவிடலாம், ரூம் பாய் இரவில் கதவைத் தட்டினான் என்ற புகாரைத் தள்ள முடியாது. பிறகு ஓர் இரவு ஒன்பது மணிக்கு விடுதிக்கே தொலைபேசியில் பேசி, “மூன்று பெண்கள் வருகிறோம், ஒருவர் வயதானவர், முதல் மாடியில் அறை கிடைக்குமா, இரவில் வரவேற்பறையில் யார் இருப்பார்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும் தொனியிலேயே பாதி விளங்கிவிடும். எண்ணைத் தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். விடுதிகளின் பெயரில் போலித் தளங்கள் நிறைய உலவுகின்றன. தனி நபர் பெயருள்ள யு.பி.ஐ. கணக்குக்கு முழுத் தொகையையும் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள்.

பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அறையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாட்ஜில் எனக்குக் கொடுத்த அறையின் கதவில் பளபளவென்று இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன. பூட்டிவிட்டுத் தோளால் லேசாக ஒரு தள்ளு தள்ளினேன். மேல் தாழ்ப்பாள் திருகாணிகளோடு கையில் வந்துவிட்டது. கரையான் அரித்த கதவு நிலையின் மேல் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்த்தால் போதாது, தள்ளிப் பார்க்க வேண்டும்.

கூடவே மாடிப்படி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தாவின் மெச்சுவா பகுதி விடுதி ஒன்றில் ஏற்பட்ட தீயில் 14 பேர் இறந்தனர். பலர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா சென்றிருந்த குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் மட்டுமே தெரியும் அறையும், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இரண்டாவது படிக்கட்டும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: செயலியில் முழுப் பணமும் கட்டிப் பதிவு செய்திருந்தோம். போய் இறங்கியதும், “அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது, இன்னும் 600 கொடுத்தால்தான் அறை” என்றார்கள். குழந்தைகளோடு நின்றதால் கொடுத்துவிட்டோம். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 600 ரூபாய் கொடுத்ததற்கான ரசீதையோ யு.பி.ஐ. பதிவையோ பதிவு உறுதிக் கடிதத்தோடு சேர்த்து, முதலில் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அடுத்த முறை, கிளம்புவதற்கு முந்தைய நாள் விடுதியை அழைத்துப் பதிவு எண்ணைச் சொல்லி, உறுதிசெய்து ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: 2,000 ரூபாய் அறைக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா? ஆதார் நகல் கட்டாயம் என்பதும் சரியா?

பதில்: சரியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம்; உங்கள் அறைக்கு 100 ரூபாய், 240 அல்ல. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லையென்றால் வரி வாங்கவே கூடாது.

அடையாளச் சான்று தரத்தான் வேண்டும். அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதாரே கொடுப்பதானால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் வடிவத்தைப் பதிவிறக்கி, நகலின் குறுக்கே விடுதியின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.