படுக்கையைத் தூக்கிப் பாருங்கள்
(செல்லப்பிராணிகள்: கேள்வி – பதில்)

கேள்வி: வீட்டில் ஒரு நாய், இரண்டு பூனைகள். நாயை வாராவாரம் குளிப்பாட்டியும் தெள்ளுப்பூச்சி தீரவில்லை. ரசாயனம் வேண்டாமே என்று பார்க்கிறோம். பூண்டு கொடு, எலுமிச்சை எண்ணெய் தடவு, வேப்பெண்ணெய் பூசு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்தப் பூண்டை எடுத்த இடத்திலேயே வையுங்கள். பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குக் கொஞ்சமே போதும். தெள்ளு போகாது, ரத்தசோகைதான் வரும். எலுமிச்சை எண்ணெய், டீ ட்ரீ ஆயில் வகையறாவும் வேண்டாம். அவற்றை முறித்து வெளியே தள்ளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. போதாததற்கு, மேலே எதைத் தடவினாலும் நக்கியே தீர்த்துவிடும். வேப்பெண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பூனை இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. புட்டியின் மேல் ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதைக் கல்லீரல் படித்துப் பார்ப்பதில்லை!

சரி, குளிப்பாட்டியும் ஏன் தீரவில்லை? நாயின் மேல் ஓடுகிறதே, அது மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று படுக்கையிலும் சோபா இடுக்கிலும் கம்பளத்துக்கு அடியிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். முட்டை வழவழப்பானது, ரோமத்தில் தங்காது. நாய் எங்கே உடம்பை உதறுகிறதோ அங்கே உதிரும். அதிகமாக உதிர்வது படுக்கும் இடத்தில். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, வறட்சியும் ஆகாது.

அதனால் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயப் போடுங்கள். தரை, கம்பளம், சோபாவின் மெத்தைக்கு அடிப்பக்கம் எல்லாவற்றையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் வாக்குவம் கிளீனரால் இழுங்கள். சேர்ந்த தூசியை உடனே கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். உள்ளேயே விட்டால் மறுபடி ஏறி வரும்.

அப்புறம் சீப்பு. தெள்ளு எடுப்பதற்கென்றே நெருக்கமான பல் வைத்த சீப்பு கிடைக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். கழுத்துப் பட்டைக்கு அடியிலும் வாலின் அடிப்பகுதியிலும் தோலை ஒட்டி மெதுவாக வாருங்கள். சீப்பில் மாட்டியதை விரலால் நசுக்கப் போகாதீர்கள், வழுக்கித் துள்ளிவிடும். சீப்போடு கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும், சோப்பு கலந்தால் முங்கிவிடும். குளிப்பாட்டும்போதும் முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்கள். இல்லையென்றால் உடம்பு நனைந்ததுமே எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஓடும்.

மூன்று பிராணிகளுக்கும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் வீண். ஒரு மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஆனால் தெள்ளு ரத்தத்தை உறிஞ்சிக் குட்டிகளுக்கு ஈறு வெளுத்தால் சீப்போடு உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். மருந்து தேவைப்படும் நேரத்தில் மறுப்பது பிடிவாதம், இயற்கை வழி அல்ல. நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தை மட்டும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் பூனையின் மேல் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் வால் பக்கம் முடி கொட்டிப் புண்ணாகிறது. வேறு நோயா?

பதில்: தெள்ளாகவே இருக்கலாம். பூனை நக்கி நக்கி விழுங்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது, இரண்டு மூன்று கடிக்கே தோல் இப்படிப் புண்ணாகும். சீப்பில் வரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த ரத்தம், அதாவது தெள்ளின் கழிவு. அப்படியே இருந்தால் வெறும் மண். புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரலாம்.

கேள்வி: பிராணிகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் வெளியூர் போய் வந்தோம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே காலில் தெள்ளு அப்பிக்கொண்டது. எங்கிருந்து வந்தது?

பதில்: எங்கேயும் போகவே இல்லை. கூட்டுக்குள் மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். நடக்கும் அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் பொலபொலவென்று வெளியே வரும். அடுத்த முறை நாயையும் பூனையையும் வெளியிலேயே வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் நீளக் காலுறை போட்டு உள்ளே போய் வீடு முழுக்க வாக்குவம் இழுங்கள். அந்த அதிர்வே பாதியை வெளியே கிளப்பிவிடும். அடுத்தடுத்த நாள்களிலும் இழுங்கள். ஒரே நாளில் எல்லாம் வெளியே வந்துவிடாது.